சட்டைப் பை

மார்ச் 4
காலையில் வெறும் வயிற்றில் பார்த்தும் சர்க்கரை முந்நூறுக்கு மேல். டாக்டர் இன்சுலின் அளவை மறுபடி ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி என் சட்டைப் பையைத் துழாவினாள். கேக் துணுக்கு தேடுகிறாளாம்.
"பேக்கரியில நின்னுக்கிட்டு வாயக் கட்டுறேன்னு சொன்னா யாரு நம்புவா?"
நான் தொடவே இல்லை. சத்தியமாக.

மார்ச் 7
பேசவில்லை. அவளும்தான்.

மார்ச் 11
கேக்கில் பெயர் எழுதும்போது எழுத்து மங்கியது. இப்படியே போனால் கண் போய்விடும் என்று டாக்டர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தின்னாமலே ஏறுகிறதே — எனக்குள் என்னதான் நடக்குது? பயமா இருக்கு.

மார்ச் 12
ஆஸ்பத்திரியில் நர்சம்மா சட்டையைத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு இடப்பக்கம் அழுத்திப் பார்த்தார்.
"தெனமும் இங்கயேவா ஊசி?"
ஆமாம். அங்கேதான் வலிக்காது.
"கட்டிதட்டிப் போயிருக்கு. இங்க குத்துனா மருந்து ஒழுங்கா ரத்தத்துல சேராது. இடத்த மாத்தணும். ஆனா புது இடத்துல நல்லாப் பிடிக்கும், அளவக் கொறைக்கணும். டாக்டரக் கேட்டுச் சொல்றேன், உக்காருங்க."
உட்காரவா? குற்றமற்றவன் என்று தீர்ப்பே வந்துவிட்டது! ஓடிவந்து மனைவியிடம் சொன்னேன். "காலையில சர்க்கரை பாக்குற மிஷின் சொல்லட்டும்" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.
சொல்லத்தான் போகிறது. இரவு ஊசியை வலப்பக்கம் போட்டேன். பழைய அளவேதான். குறைத்து, சர்க்கரை ஏறி, அவள் ஜெயித்துவிட்டால்?

மார்ச் 14
நேற்று எழுத முடியவில்லை. விடியும்போது உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கியதுவரை நினைவிருக்கிறது. மீதி அவள் சொன்னது. மிஷினில் நாற்பத்தெட்டு. அவள் சர்க்கரைத் தண்ணீரை நீட்ட, நான் பல்லைக் கடித்துக்கொண்டு "நான் தின்னல, நான் தின்னல" என்றேனாம்.
"நம்புறேங்க. நீங்க தின்னல. வாயத் தொறங்க" என்று அழுதாளாம்.
அப்புறம்தான் குடித்தேனாம். வறட்டு ரோஷம் பிடித்த கழுதை நான்.

மார்ச் 15
டாக்டர் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். அளவையும் குறைத்தார்.

மார்ச் 24
சர்க்கரை இறங்கிவருகிறது. இன்று தொடையில் போட்டேன். வலித்தது.
வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, சட்டைப் பைக்குள் கையை விட்டாள். இன்னுமா சந்தேகம் என்று சுர்ரென்று ஏறியது எனக்கு.
"சர்க்கரைப் பொட்டலம் இருக்குதான்னு பாத்தேன்" என்றாள்.
இருந்தது. அவளே வைத்ததுதான்.