பஞ்சு அடைத்த மூட்டு

1950, புரட்டாசி, செவ்வாய் இரவு.

மில்லின் பருத்திக் கொட்டகையில் கொட்டகை சாயாமல் இழுத்துப் பிடிக்க, தூணுக்குத் தூண் பெருக்கல் குறி போல இரும்புக் கம்பிகள் ஓடுகின்றன. பருத்தியில் தூசி பொறுக்கும் மாரி அதில் தொட்டில் கட்டியிருந்தாள். மேஸ்திரி என்ற முறையில் அவிழ்க்கச் சொல்லத்தான் போனேன். அது ஆடுவதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

அஸ்ஸாம் பூகம்பத்தைப் பார்த்துவிட்டு வந்த மைத்துனன் நேற்றுச் சொன்னது நினைவுக்கு வந்தது. "அங்கன கம்பி ஒண்ணும் அறுந்து போகல அத்தான். கம்பியத் தூணோட சேத்த போல்ட்டுதான் பிச்சுக்கிட்டு வந்துட்டு. கொட்டகை அப்படியே சாஞ்சிட்டு."

கம்பி தூணில் சேரும் இடத்தைத் தடவினேன். விரலில் பஞ்சு வந்தது.

"ஆட்டுனா கீச்சு கீச்சுங்குது அண்ணாச்சி. பிள்ள முழிச்சிருதான். அதான் அடைச்சு வச்சேன்" என்றாள் மாரி.

பஞ்சைப் பிடுங்கினேன். உள்ளே நட்டு, தொட்டில் ஆடி ஆடித் தளர்ந்து, கழலும் நிலையில் இருந்தது. அடுத்த தூணைப் பார்த்தேன். அங்கும் ஒரு தொட்டில், மூட்டில் பஞ்சு. அதற்கடுத்ததிலும் அப்படியே.

தொட்டில்களை வெளியே வேப்பமரத்துக்கு மாற்றச் சொன்னேன். நாளை ஃபிட்டர் வந்து எல்லா நட்டுகளையும் முறுக்குவார். இங்கே சங்கரன்கோவிலில் பூமி குலுங்குமா என்ன?

தூக்கம் வருகிறது. கண்ணை மூடினால் கொட்டகையே தொட்டிலாக ஆடுகிறது, மெல்ல மெல்ல, ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லாமல்.