பீரோவிலிருந்து வந்த டேப்

நான் தங்கவேல், வீரபாண்டி பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளன். நம் சர்வரின் நகல் டேப்பை இனி எங்கே வைப்பது என்று முடிவு செய்யுமுன், உங்களிடம் சொல்லிவிடவே இதை எழுதுகிறேன்.

நேற்று, உங்கள் காரியம் முடிந்த மறுநாள், பொங்கலூர் வீட்டில் உங்கள் மனைவி அந்த டேப்பை என் கையில் கொடுத்தார். "அவரு பீரோவுல இருந்துச்சுங்கண்ணா. பையனோட கோயமுத்தூருக்கே போறனுங்க. ஊட்டப் பூட்டிருவோம்." உறையில் அந்துருண்டை வாசனை. மேசைமேல் வைத்தவன், இன்னும் வேலையைத் தொடங்கவில்லை.

கம்பெனி தீப்பிடித்தாலும் ஆர்டர் விவரங்கள் பிழைக்க வேண்டும். ஆகவே வாரந்தோறும் ஒரு நகல் வெளியே இருக்க வேண்டும். சர்வர் வாங்கிய புதிதில், அந்த அளவில் நம் இருவருக்கும் ஒரே கருத்துதான்; எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு. முதலாளியின் வீடு அதே காம்பவுண்டுக்குள் இருந்ததால் அது ஆகாது. வங்கி லாக்கர் என்றேன் நான். கணக்குப் பிரிவில் இருந்த நீங்கள் நாற்காலியை என் பக்கம் திருப்பினீர்கள்.

"ஞாயித்துக்கெழம சர்வர் படுத்துருச்சுன்னா என்னுங்க சார் பண்ணுவீங்க? பேங்க் மேனேஜர் ஊட்டு முன்னால போய் நிப்பீங்களா?"

"ஆபீஸ் டேப்ப வீட்ல வெக்கறது முறையில்லீங்க."

"உங்க முறைக்குச் சாவி வேணுமுங்க. என்ற ஊட்டுக் கதவத் தட்டுனாப் போதும்."

டேப் உங்கள் பீரோவுக்குப் போனது. நீங்கள் சொன்னபடியே ஒரு ஞாயிறன்று சர்வரின் டிஸ்க் பழுதானது. மறுநாள் விடியலில் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங் விவரங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான். பொங்கலூருக்கு ஓடிவந்து கதவைத் தட்டினேன். பட்டுச் சேலைகளுக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டே, "ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க சார், லாரி ஒண்ணும் ஓடிப்போயிராது" என்றீர்கள். சாப்பிட்டேன். லாரியும் நேரத்துக்குக் கிளம்பியது.

அதன்பின் சனிதோறும் டேப்பை மாற்ற நானே வந்தேன். டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் தனியனான என்னை உட்காரவைத்துச் சோறு போட்ட வீடு அது ஒன்றுதான்.

இந்த டேப்பை, வாசனை போகும்வரையாவது, என் டிராயரில் வைத்துக்கொள்ள ஆசை. புதிது ஒன்று வாங்க முதலாளி மறுக்கமாட்டார். ஆனால் முன்பொரு முறை நகலை நான் டிராயரிலேயே பூட்டிவைத்தபோது நீங்கள் சிரித்தீர்கள்: "பக்கத்துலயே வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரு பேக்கப்புங்களா சார்?"

முதலிபாளையத்தில் நம் கிடங்கின் காவல்காரர் குடும்பத்தோடு அங்கேயே தங்கியிருக்கிறார். லாக்கரைப் பற்றி நான் இம்முறை பேசவில்லை. இன்று இந்த டேப்பின் மீதே இவ்வார விவரங்களைப் பதிவேன். மாலையில் அதை எடுத்துக்கொண்டு போய், முன்கூட்டிச் சொல்லாமல், அந்தக் காவல்காரர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பேன்.