உப்பு வேண்டாத தோல்

ஜூலை 7, திங்கள்
தோல் பதனிடும் கம்பெனியில் நாள் முழுக்க நாற்றம். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு தோல்! தலைப்பிரசவத்துக்கு பெங்களூரிலிருந்து வந்த மகள் சங்கீதா, ஒரு கண்ணாடி ஜாடியையும் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். கொம்புச்சாவாம். இனிப்பு டீயின் மேல் வெளுப்பாக, வட்டமாக ஒரு தோல் மிதக்கிறது. அதுதான் டீயைப் புளிக்க வைக்கிறதாம். அதற்குப் பெயர் ‘தாய்’. “கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து எங்கூடவே இருக்குப்பா” என்கிறாள். பெற்ற தாய் ஜோதி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஜூலை 10
சங்கீதாவுக்கு ரத்தக்கொதிப்பு. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஜோதி துணைக்கு இருக்கிறாள். அந்த நிலையிலும் மகள் சொன்னது: “ஜாடிய பாத்துக்கோங்கப்பா. கெட்டுப்போனா உங்களுக்குத் தெரியாதா இன்னா? தோல் பாக்கறவருதானே நீங்க.”
தெரியாமலா! தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷனில் நிற்கிறவன் நான். கட்டைவிரலால் ஒரு அழுத்து, தோலின் ஜாதகமே சொல்லிவிடுவேன்.

ஜூலை 12
பார்த்தேன். ஒரே கொழகொழப்பு. அடியில் பழுப்பு நூல்கள் தொங்குகின்றன, ஓரத்தில் ஓட்டை. சந்தேகமே இல்லை, அழுக ஆரம்பித்த தோல். வெளியே எடுத்து, நூலைச் சுரண்டி, தட்டில் வைத்து, கம்பெனிக்கு வரும் பச்சைத் தோலுக்குப் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் கல்லுப்பு போட்டேன். இனி கெடாது.

ஜூலை 13
காலையில் அப்பளம் மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. கம்பெனியில் தோல் ஊறும் டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் நயீம் அகமதிடம் சொன்னேன். “இன்னா முனிரத்தினம், ஊறுகாயா போட்ட?” என்று சிரித்தவன், போனில் தேடிப் படித்துக் காட்டினான்.
பழுப்பு நூல் நல்லதாம். ஓட்டையும் பரவாயில்லையாம். மேலே பச்சையோ கறுப்போ பஞ்சு மாதிரி பூத்தால்தான் கெட்டதாம்.
ஐயோ, நல்லா இருந்தத உப்பு போட்டுக் கொன்னுட்டேனே! பொண்ணுகிட்ட இன்னான்னு சொல்றது?

ஜூலை 14
ஜோதி போனில்: “கொதிப்பு இன்னும் இறங்கல. ஜாடி எப்படி இருக்குன்னு கேக்கறா.” சங்கீதாவுக்கு எந்த வருத்தமும் தரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.
“நல்லா இருக்குன்னு சொல்லு.”
சொன்ன வாய் கசக்கிறது. ஜாடியில் பழைய டீத் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, அதிலும் உயிர் இருக்குமாம், நயீம் சொன்னான். சர்க்கரை போட்ட டீயை நன்றாக ஆறவைத்து ஊற்றினேன். துணி கட்டினேன். வேறென்ன செய்ய?

ஜூலை 17
ஒன்றும் இல்லை. வினிகர் மாதிரி புளிப்பு வாசனை மட்டும். அழுகல் இல்லை.

ஜூலை 19
நடுவில் வெள்ளைப் புள்ளி. பூசணமா? டார்ச் அடித்துப் பார்த்தேன். பஞ்சு இல்லை, ஈரமாக மின்னுகிறது.

ஜூலை 21
அம்மாடி! புள்ளி பரவி, தண்ணீர் முழுக்க ஒரு மெல்லிய தோல். பின்னால் பிடித்த விளக்கு அதன் வழியே தெரிகிறது. ஆட்டு முதுகும் இல்லை, மாட்டு வயிறும் இல்லை. வெறும் டீயில்!
என் கைக்கு வந்த தோலெல்லாம் ஏதோ ஒன்று செத்த பிறகு வந்ததுதான். ஒரு தோல் பிறப்பதைப் பார்த்தது இன்றைக்குத்தான். கட்டைவிரல் தானாக நீண்டது, அழுத்திப் பார்க்க.
தொடவில்லை. கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது, டீத்தூளையா?

ஜூலை 26, சனி
பெண் குழந்தை! சங்கீதாவுக்குக் கொதிப்பு இறங்கிவிட்டது. மனசு கேட்கவில்லை, உப்புக் கதையைச் சொல்லி, ஜாடியின் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
“இது என் தாய் இல்லியேப்பா.”
“இல்லம்மா. உன் தாயோட பொண்ணு.”
தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர். “சரி, போங்க” என்றாள்.
ஜோதி பேத்தியை என் கையில் வைத்தாள். சிவந்து, சுருங்கி, நரம்பெல்லாம் தெரிகிற தோல். பழக்கதோஷம், கட்டைவிரல் நெற்றிவரை போய்விட்டது.
மடக்கிக்கொண்டேன்.