தனிப்பெட்டிப் புழுக்கள்

ஜாங்சு, கொரியா
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மின்சோப்புக்கு,

பின்லாந்துக் குளிரில் நீ சளியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலம், அப்பா நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. போனிலேயே சொல்லியிருப்பேன், நீ கூப்பிட்டாலே அவர் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கெல்லாம் கேட்க வைக்கிறார், அதனால்தான் கடிதம். கிம்ச்சி போட்டு முடித்தாயிற்று, இந்த வருஷம் முட்டைக்கோசு சின்னது, உனக்கு ஒரு டப்பா தனியாக அனுப்புகிறேன், பக்கத்து அறைக்காரர்கள் வாசனைக்கு முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

காய்ச்சல் மாத்திரையை அளவுக்கு மீறிக் கொடுத்த உன் ஆய்வக எலிகளில், நாம் வளர்த்து அனுப்பிய வண்டுப்புழுவின் பொடி தின்றவற்றின் ஈரல் மட்டும் தப்பியது என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா தரையில் நடப்பதில்லை. தன் டிபிக்குச் சாப்பிடும் மாத்திரையோடு தினமும் புழுச்சாறு இரண்டு பாக்கெட் குடிக்கிறார். வீட்டில் காய்ச்சிக் குடிப்பதை இங்கே யார் டாக்டரிடம் சொல்கிறார்கள், சொன்னால் திட்டு விழும், அவரும் சொல்லவில்லை. போன வாரம் ரத்தம் பார்த்தார்கள், ஈரல் கெடுவதைக் காட்டும் கணக்கு ஏறியிருக்கிறது. வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டதும் இவர் சுவரைப் பார்த்தார், நான்தான் சொன்னேன். சாற்றை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எது கெடுக்கிறதென்றே தெரியாது, டிபி மருந்தையே நிறுத்த வேண்டிவரும் என்றார் அவர். வெளியே வந்ததும் உன் அப்பா கேட்டார், "என் பையன் சோதிச்சுப் பார்த்தது. இந்தம்மா எத்தனை எலி வளர்க்குது?"

பஸ்ஸில் நான் விடவில்லை. எலி வேறு, நீங்கள் வேறு என்றேன். அதற்குக் கோபத்தில் ஒன்று சொன்னார், அதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். உனக்கு அனுப்பிய புழு நம் வழக்கமான பெட்டிகளில் வளர்ந்தது இல்லை. உனக்கென்று தனிப்பெட்டி வைத்து, மரத்தூளோடு ஹொட்கே மரக்கிளையை அரைத்துக் கலந்திருக்கிறார். சாராயம் குடித்த மறுநாள் ஈரலுக்கென்று ஊரே காய்ச்சிக் குடிக்கிறதே, அதே மரம். "பையன் முதல் தடவையா நம்மகிட்ட ஒண்ணு கேட்டிருக்கான். அவனுக்குப் போய் வெறும் மரத்தூள் தின்ன புழுவையா அனுப்பறது?" என்றார். புழுவை அவிப்பதற்கு முன்னால் பட்டினி போட்டு வயிற்றைக் காலி பண்ணித்தான் அனுப்பினாராம், அதனால் ஒன்றுமில்லையாம். எனக்குப் படிப்பு போதாது, ஆனால் மாதக்கணக்கில் தின்றது வெறும் பட்டினியில் உடம்பை விட்டுப் போய்விடுமா? உன் எலிகளைக் காப்பாற்றியது புழுவா, மரமா, இரண்டுமா என்று இப்போது உனக்கே தெரியாது. அதைவிடப் பெரிய கூத்து, அப்பா குடிப்பது சாதாரணப் பெட்டிச் சாறு. நீ சோதித்ததே அது இல்லை. இதைச் சொன்னால் அந்த மனுஷன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்.

உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நான் செய்யவில்லை. வருகிற மாதம் ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இந்தச் சோதனை முடிவைப் படிக்கப் போகிறாய், அதற்கு முன்னால் உன் பேராசிரியரிடம் சொல்லிவிடு. அவமானமாகத்தான் இருக்கும். மூன்று வருஷ வேலை, எனக்குத் தெரியும். இனி உனக்குப் புழு வேண்டுமென்றால் பெட்டிக்கு நானே தீனி போடுகிறேன், வெறும் மரத்தூள்தான்.

பிறகு அப்பாவைக் கூப்பிடு. தனிப்பெட்டியைப் பற்றித் திட்டாதே, பாசத்தில் செய்தது, அது அவருக்கும் உறைத்திருக்கிறது. சாற்றை நிறுத்தச் சொல், அது போதும். டாக்டரம்மா சொல்லிக் கேட்கவில்லை, நான் சொல்லிக் கேட்கவில்லை, நீ சொன்னதாக நினைத்துத்தான் குடிக்கிறார். சோதனையை நீ திரும்பச் செய்துகொள்ளலாம். அவருக்கு இருப்பது ஒரு ஈரல்.

நேரத்துக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரு, எல்லாம் கூடிவரும். அடுத்த ரத்தப் பரிசோதனை பதினைந்தாம் தேதி, அதற்கு முன்னால் கூப்பிட மறக்காதே.

அம்மா