ஏழரை மணி ரிப்போர்ட்

ஒக். 13, திங்கள்

விடிய மழை. குடைக்கம்பி ஒன்று முறிந்தது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வர ஒன்றேகால் மணித்தியாலம். இரண்டு செக்பொயின்ற், இரண்டிலும் அடையாள அட்டை பார்க்க இறக்கி ஏற்றினார்கள்.

செய்ய வேண்டியவை: குடை திருத்த. கண்ணாடிக்கு ஸ்குரூ. கலைவாணியின் ரிப்போர்ட்டில் பிழை கண்டுபிடிக்க.

மூன்றாவது நடக்கவில்லை. கோடு போடும் அடிமட்டத்தை வைத்து வரிவரியாகப் பார்த்தேன். பிஸ்கட், பால்மா, சவர்க்காரம், எல்லாம் சரி. கூட்டலும் சரி. சனியன்.

பதினெட்டு வருஷம் அந்த ஸ்டொக் ரிப்போர்ட் என் கையால் போனது. பேலியகொடை ஸ்டோர்ஸுக்குப் போன் எடுத்து, கேட்டு எழுதி, கோடு போட்டு, ஒன்பது மணிக்கு மனேஜர் மேசையில். "மிஸ்டர் நாதன் இல்லாட்டி எனக்கு விடியாது" என்பார். இப்போது அவருக்கு ஏழரைக்கே விடிகிறது, ஈமெயிலில். எனக்கும் ஒரு பிரதி. அடியில் "தயாரித்தவர்: கலைவாணி". ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இருபத்துநாலு வயது. வந்து நாலு மாதம்.

ஒக். 15, புதன்

வெயில். நேற்று பௌர்ணமி, போயா லீவு. இன்று ஏழேகாலுக்கே போய்விட்டேன். கலைவாணி எனக்கு முந்தி வந்து, கம்ப்யூட்டர் முன்னால் முழிபிதுங்கி இருந்தாள்.

"சார், நேத்து போயாவுக்கும் ரிப்போர்ட் போயிருச்சு சார்."

"லீவு நாளிலயும் வந்து அனுப்பினனீரோ?"

"இல்ல சார். தினம் ஏழரைக்கு ஸ்டோர்ஸ் கணக்க எடுத்துத் தானா போற மாதிரி வெச்சிருக்கேன். லீவுன்னு அதுக்குத் தெரியல."

தானாகப் போகிறதாம்! விடியற்காலை வந்து அடிக்கிறாள் என்றல்லவா மேல்மாடியில் மனேஜர் நம்புகிறார். நானும் நம்பினேன்.

"சொல்லிறாதீங்க சார். மெஷினே செய்யுதுன்னா அப்புறம் நீ எதுக்குன்னு கேப்பாங்க."

சரி என்றேன். சுவர்க் கலண்டரைப் பார்த்து மிச்சப் போயா நாட்களை நான் வாசிக்க, அந்த நாட்களில் போகாதபடி அவள் அடித்து வைத்தாள். பிறகு மனேஜர் இறங்கி வந்தார். "போயாவிலும் வேலை செய்திருக்கிறாள். நீங்கள் எல்லாரும் பார்த்துப் பழகுங்கள்." எல்லாரும் என்றாலும் பார்த்தது என்னைத்தான்.  

சொல்லத்தான் போகிறேன். நேரம் பார்த்து.

ஒக். 17, வெள்ளி

மப்பு வானம். குடை திருத்தியாயிற்று. மனேஜரிடம் எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "சேர், உங்களிடம் ஒன்று மறைக்கப்படுகிறது." இல்லை, நாடகம் மாதிரி. "சேர், தற்செயலாகத் தெரிய வந்தது." இது நல்லது.

பின்னேரம் மனைவி: "அந்தப் பிள்ளையின்ர பேர் இண்டைக்கு நாலாந்தரம் சொல்லிட்டியள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோவன், நானும் பாப்பம்."

 தேத்தண்ணியில் சீனி கூட.

ஒக். 21, செவ்வாய்

கொட்டாஞ்சேனையில் விடிய ரவுண்டப், பொலிஸும் ஆமியும் வீடு வீடாகத் தேடுதல். ஒரு பக்க ரோட்டு மூடி. அரை மைல் நடை, பஸ்ஸில் முழங்கையில் இடி வேறு.

ஏழரைக்கு ரிப்போர்ட் வந்தது. கலைவாணி வரவில்லை.

எட்டு, இல்லை. ஒன்பது, இல்லை. கதிரை வெறுமை. மேசைக்குக் கீழே அவளுடைய ரப்பர் செருப்பு, ஒன்று கவிழ்ந்து. லீவும் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, பொய் எழுதுவானேன். நாளைக்கும் வராவிட்டால் இரண்டு நாள் கள்ளம். அப்போது சொன்னால் நன்றாகப் பிடிக்கும். பத்து மணிக்கு வந்த பிளேன் டீ இன்று நல்ல ருசி.

மனேஜர் கீழே இறங்கவேயில்லை.

ஒக். 22, புதன்

வெயிலா மழையா, ஞாபகமில்லை.

ஏழரைக்கு ரிப்போர்ட். கதிரை வெறுமை. பத்தேகாலுக்குப் போன், நான்தான் எடுத்தேன். கலைவாணி அறை எடுத்திருக்கும் வீட்டு அன்ரி. அழுகை.

"நேற்று விடிய ரவுண்டப்பில பொலிஸ் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் தம்பி. அடையாள அட்டையில தோட்டத்து விலாசம். எங்க வேலை எண்டு கேட்டு உங்கட ஒபிசுக்குப் போன் பண்ணினவங்கள். கலைவாணி இஞ்சதான் இருக்கிறா, காலமை ரிப்போர்ட்டும் அனுப்பினவ எண்டு ஆரோ சொன்னதாம். அப்ப நீ ஆர், ஆற்றையோ பேரைச் சொல்லுறாய் எண்டு பிள்ளையை விடுறாங்களில்லை. நாளைக்கு வேற இடத்துக்கு ஏத்திப்போடுவாங்களாம்."

 அந்த யாரோ மனேஜர்தான் என்று எனக்குத் தெரியும். அவர் மேல் பிழையில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஆள் இருக்கிறாள் என்றார். அது பொய் என்று தெரிந்தவன் இந்தக் கட்டிடத்தில் நான் ஒருவன்தான். நேற்று முழுக்க அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டு பிளேன் டீ குடித்தேன்.

மேலே ஓடினேன். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. "சேர், அது தானாகப் போகிறது. அவள் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஸ்டேஷனில் இருக்கிறாள்."

"எத்தத?" மெய்தானா என்று சிங்களத்தில் கேட்டார். எழும்பினார். அவள் எங்கள் ஆள்தான் என்று கடிதம் அடிக்கச் சொன்னார். அடித்தேன், இரண்டு பிழை. அவருடைய காரிலேயே ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் கேட்டார்: "நேற்றே அவள் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா?"

"கவனிக்கவில்லை சேர்."

மனேஜர் கடிதத்தைக் கொடுத்துச் சிங்களத்தில் கதைத்தார். நான் சுவரோரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் நாலு மணிக்கு விட்டார்கள். கசங்கிய சட்டை, வெறுங்கால். என்னைக் கண்டதும்:

"நீங்க வருவீங்கன்னு தெரியும் சார். ரிப்போர்ட் போகும், நம்மள ஒருத்தரும் தேட மாட்டாங்கன்னு நெனைச்சேன். அப்புறம் உங்க ஞாபகம் வந்துச்சு. நாள் முழுக்க என் நாற்காலியத்தானே பாத்துக்கிட்டு இருப்பீங்க."

நல்ல மனதோடுதான் சொன்னாள். காரில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒக். 23, வியாழன்

தூறல். அவள் வந்தாள். மனேஜர் எல்லார் முன்னாலும்: "மெஷினையே வேலை வாங்குகிறாள், கெட்டிக்காரி!" இனிக் கம்பெனியின் எல்லா ரிப்போர்ட்டும் அவள் பொறுப்பு. எனக்குத் தோளில் ஒரு தட்டு. பதினெட்டு வருஷத்துக்கு ஒரு தட்டு. நான் போய்ச் சொல்லியிருக்காவிட்டால் என்று ஒரு கணம் நினைத்தேன். அரைக் கணம். தூ.

பின்னேரம் அவள் என் மேசைக்கு வந்தாள். "மாத்திட்டேன் சார். இனி நான் வந்து ஒக்காந்து ஒரு தட்டு தட்டினாத்தான் போகும். வராட்டி போகாது."

ஒக். 24, வெள்ளி

மழை. மனைவி தீபாவளிக்குச் சாரி கேட்கிறாள். ஏழேகாலுக்கு என் கதிரையில்.

7.30. ரிப்போர்ட் இல்லை.

7.36. இல்லை. ஸ்டேஷன் நம்பர் எழுதிய துண்டை எடுத்து வைத்தேன்.

7.42. இல்லை. வாசலுக்குப் போய் வந்தேன். குடை எடுக்க மறந்து நனைந்தேன்.

7.49. வாசற்படியில் ரப்பர் செருப்புச் சத்தம். "பஸ் லேட்டு சார்."

7.51. வந்தது. அடியில் அவள் பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், இரண்டு தரம். பிறகு அடிமட்டத்தை எடுத்தேன்.

ஒரு பிழையும் இல்லை.