பாம்பு சட்டை உரித்த சேதி

பேர்லேண்ட்,
நவம்பர் 1998

மாட்சிமை தங்கிய அப்பாவுக்கு,

நம் இல்லத்து மலைப்பாம்பு நேற்று முழுச் சட்டையையும் உரித்துவிட்டது என்பதை உலகுக்கு அறிவிக்கிறேன். வேலை என்று நியூ ஜெர்சிக்குப் போன நீங்கள்தான் எங்களைச் சட்டை பண்ணவில்லை.

பயந்தால் பந்தாகச் சுருளுமாம், அதனால் பெயர்தான் பால் பைத்தான்; பாலைத் தொடாது. ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் உறையவைத்த எலியைப் பனி விடவைத்துக் கொடுக்க வேண்டும். கடையில் விற்கும் கண்ணாடித் தொட்டி வாங்கக் கட்டுப்படியாகாததால், ஸ்வெட்டர் வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியில் துளை போட்டேன். பாம்புக்குச் சூடு வேண்டுமென்று அடியில் அம்மாவின் முட்டிவலி ஹீட்டிங் பேட்.

"எனக்கு வலிச்சா யாருடா பாக்குறது?" என்றாள்.

"அப்பாவைக் கேளு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பாம்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டுதான் ஹோம்வொர்க் செய்கிறேன். கோயில் பசங்களுக்கு நான் இப்போது சிவன்.

பாம்பென்றால் அலறுவீர்களே, தூக்கிப் போடச் சொல்லி அடுத்த ஃப்ளைட்டிலேயே வருவீர்கள் என்றுதான் வாங்கினேன். போனில் சொன்னதற்கு, "சரிடா, படிப்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. கழுத்தில் போட்டதெல்லாம் புளுகு. எலி வைப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் அம்மாதான். பெட்டியின் மூடி அசைந்தாலே நான் மாடிக்கு ஓடிவிடுகிறேன்.

"அப்படியே அப்பா" என்கிறாள்.

உங்கள் மகன்