மேல் டிவிஷனுக்குப் பூச்சியம்

மாத்தளை
18.06.2025

அன்புள்ள ஸரீனாவுக்கு,

நேற்றைய மீளாய்வுக் கூட்டத்தில் நான் சொல்லாமல் வந்தது இவ்வளவுதான்: மேல் டிவிஷன் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் அந்தப் பன்னிரண்டு டெப் கணினிகளையும் தினமும் பாவிக்கிறார்கள். டெப் திட்டத்தின் உதவி ஆசிரியையாக நான் போய்வரும் பாடசாலைகளில் அவர்கள் அளவுக்குப் பாவிப்பவர்கள் வேறு யாரும் இல்லை. ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். சொல்லவில்லை. நீ சுகமா, வாப்பாவின் கால்வலி எப்படி என்று கேட்டுத் தொடங்க வேண்டிய கடிதம் இது. கோபம் முந்திக்கொண்டது, பொறுத்துக்கொள்.

இதை வட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் வேலைக்கு நடுவில் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு நீ அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவாய். அதோடு ஃபோனில் எழுதுவது யார் யார் கைக்குப் போகும் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும். இது உன் கையோடு நிற்கட்டும்.

கூட்டம் பலாபத்வலவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நீ கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போன பிறகு திவாகரன் சேர் மாவட்ட ஒருங்கிணைப்பாளராக வந்திருக்கிறார். நீங்கள் அங்கே தயாரிக்கும் அட்டவணையைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். எந்தப் பாடசாலை டெப்களை எத்தனை மணித்தியாலம் பாவித்தது என்ற கணக்கு. நிறையப் பாவித்தவர்களுக்குப் பச்சை. மேல் டிவிஷனுக்கு நேரே சிவப்பில் ஒரு பூச்சியம். அவர் அதில் விரலை வைத்து, “இங்க டெப்பை சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சு சூடம் காட்டுறாங்க போல” என்றார். மண்டபம் சிரித்தது. நகரத்துப் பெரிய பாடசாலையின் அதிபர் எழுந்து, “எங்களுக்குக் குடுங்க சேர், நாங்க தேங்காயும் உடைச்சு எடுத்துக்கிறோம்” என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக முடிவும் எடுத்துவிட்டார்கள். மேல் டிவிஷனில் “சும்மா கிடக்கும்” டெப்கள் அந்த நகரத்துப் பாடசாலைக்குப் போகும்.

அங்கே கணினி அறையே இரண்டு இருக்கிறது, ஸரீனா. நான் அங்கும் போகிறவள். காலையில் டெப்களைத் திறந்து ஒரு பாடத்தை ஓடவிட்டு, மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆசிரியர் வழக்கம்போல் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். மணித்தியாலங்கள் தாமாக ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் பச்சை அப்படித்தான் பச்சையானது.

டெப் இணையத்தைத் தொட்டால்தான் அதன் கணக்கு கொழும்புக்கு வந்து சேரும். மேல் டிவிஷனில் சிக்னல் கிடையாது. ரத்தோட்டை பஸ்ஸை விட்டு இறங்கி ஏறத் தொடங்கும்போதே ஃபோன் செத்துவிடும். நாம் இருவரும் முதல் தடவை போனபோது நீ ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாய். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், “டீச்சர், மழை வராது, கையை இறக்குங்க” என்று கேலி செய்தார்கள். அந்த மலையிலிருந்து உனக்கு எதுவும் வந்து சேராது என்பதை இந்தத் திட்டத்தில் உன்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? இருந்தும் உன் அட்டவணை பூச்சியம் என்கிறது.

சிக்னல் இல்லாததைக்கூடச் சமாளித்தோம். பாடங்களை நான் மாத்தளையில் வைத்தே டெப்களில் ஏற்றிக் கொடுத்தேன். போன வருட மழையில் பாடசாலைக்கு வரும் மின்கம்பியும் அறுந்து விழுந்தது. அது தோட்டத்துக் கம்பியா, பாடசாலைக் கம்பியா என்று இரண்டு பக்கமும் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் டிஜிட்டல் கல்வி என்ற நமது சுவரொட்டி மட்டும் அதிபரின் இருட்டு அறையில் பளபளப்பாகத் தொங்குகிறது.

கரண்ட் இல்லாமல் எப்படிப் பாவித்தார்கள் என்று நீ கேட்பாய். நேற்று நான் வாயைத் திறக்காததற்கான காரணமும் அதுதான்.

தரம் ஐந்துக்குக் கற்பிப்பவள் கிருஷாந்தினி. அதே தோட்டத்துப் பெண். இன்னும் ஆசிரியர் உதவியாளர்தான். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம் அடுத்த மாதம் இருக்கிறது. அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். லயத்தில், தொழிலாளர் வீடுகளில், கரண்ட் இருக்கிறது. பாடசாலை விட்டதும் டெப்கள் அங்கே போகும், ஒரு வீட்டுக்கு ஒன்று. காலையில் சார்ஜ் ஏறித் திரும்பி வரும். பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்க முறை வைத்திருக்கிறார்களே, அதே மாதிரி இதற்கும் லயத்தில் முறை வைத்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் யார் குடித்துவிட்டு வருவார் என்று அவர்களுக்குத் தெரியும்; அந்த வீட்டை அவர்களே முறையிலிருந்து விலக்கினார்கள். அம்மாமார் கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் துவைத்து, அதில் டெப்பைச் சுற்றி அனுப்புகிறார்கள்.

லயத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ப்ளக்தான் இருக்கும், அதுவும் சாமி தட்டுக்குப் பக்கத்தில். நிரஞ்சனி என்ற பிள்ளையின் தாய் நல்லம்மா ஒருநாள் என்னிடம், “சரஸ்வதிக்குப் போட்ட சீரியல் பல்பைக் கழட்டிட்டுத்தான் டீச்சர் இதுக்குக் கரண்ட் குடுக்குறோம். சாமி கோவிச்சுக்காது, அதுவும் படிச்ச சாமிதானே” என்றார். திவாகரன் சேரின் சூடம் பகிடியைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது அந்த அம்மாவின் சிரிப்பு. மண்டபத்தில் இருந்த யாரும் அந்தச் சிரிப்புக்குக் கிட்டவும் வரமாட்டார்கள்.

நிரஞ்சனி வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. இரண்டாம் மொழிப் பாடத்தில் சிங்களம் வாசிக்கச் சொன்னால் கண் கலங்கிவிடும். கிருஷாந்தினி அவளை வீட்டில் வாசித்துப் பதிவு செய்துகொண்டு வரச் சொன்னாள். பதிவை நான் கேட்டேன். தகரத்தில் மழை விழுகிறது, பக்கத்து வீட்டில் யாரோ இருமுகிறார்கள், அதற்கு நடுவில் பிள்ளை தெளிவாக வாசிக்கிறாள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் மெல்ல இன்னொரு குரல் அதையே திரும்பச் சொல்கிறது. நல்லம்மாவின் குரல். போன மாதம் அவர் கிளினிக்கில் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், தன் வருத்தத்தை டொக்டரிடம் தானே சிங்களத்தில் சொன்னாராம். இதையெல்லாம் எந்த நிறத்தில் போடுவது என்று உங்கள் அட்டவணையை உருவாக்கியவர்களிடம் கேட்டுச் சொல்.

ஆனால் அரசாங்கப் பொருள் பாடசாலை கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொடுத்தவர் மீது விசாரணை. அதிபர் அழகமுத்து சேர் இதைக் காணாதவர்போல் இருந்தார். “நான் வீட்டுக்குப் போன பொறகு அலமாரிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று ஒருமுறை சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அது அவருடைய அனுமதி. கையெழுத்து இல்லாத அனுமதி.

நேற்று கிருஷாந்தினி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அட்டவணை வந்ததும் நான் எழப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேசைக்குக் கீழே என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். டெப்களைக் காப்பாற்றும் வார்த்தையை நான் சொன்னால், அதே வார்த்தை அவளுடைய வேலையை எடுத்துவிடும். புத்தகங்களில் இப்படியான இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். படிக்கும்போது நானும் அவரோடு எழுந்து நின்றிருக்கிறேன். நேற்று இருந்த இடத்திலேயே இருந்தேன். வெளியே வந்ததும் அவள், “பரவால்ல அக்கா, டெப் இல்லாமலும் படிச்சுத்தானே நாம வந்தோம்” என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. இல்லாமல் வந்தோம் என்பதற்காக இந்தப் பிள்ளைகளும் இல்லாமலே வர வேண்டுமா?

யார்மேல் கோபப்படுவது என்று இரவு முழுக்க யோசித்தேன். கம்பியை அறுந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சோம்பேறிப் பட்டம் கொடுக்கிறார்கள். ஒரு தாய் தன் சாமியின் விளக்கை அணைத்து உதவி செய்தால் அது குற்றம். கவிழ்த்து வைத்த டெப் மணிக்கணக்காக ஓடினால் அது சாதனை. உன்மேலும் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த மலையில் நடந்த உன் கால்களை நீ கொழும்பில் எங்கே கழற்றி வைத்தாய்?

உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. கிருஷாந்தினியின் பெயரையோ லயத்தையோ எங்கும் சொல்லிவிடாதே. டெப்களை எடுக்க உத்தரவு இன்னும் வரவில்லை, உங்கள் அலுவலகத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறார்களாம். அதற்குள் ஒரேயொரு திருத்தம் செய். மேல் டிவிஷனுக்கு நேரே பூச்சியம் என்று போடாதே. “தெரியாது” என்று போடு. உங்களுக்குத் தெரியாது என்பதுதானே உண்மை?

வாப்பாவுக்கு என் சலாம் சொல். நீ வைத்திருக்கும் வேலை உனக்கு நிலைக்கட்டும், அதைச் செய்யும் தைரியத்தையும் அல்லாஹ் உனக்குத் தரட்டும். நாம் இருவரும் சேர்ந்து அந்த மலை ஏறியது நினைவிருந்தால் தாமதிக்காதே.

என்றும் உன்
துஷாரா

மாத்தளை
09.07.2025

அன்புள்ள ஸரீனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மேலதிகாரி ரவூப் சேர் ஒத்துக்கொண்டார், அடுத்த அறிக்கையிலிருந்து சிக்னல் இல்லாத பாடசாலைகளுக்கு “தெரியாது” என்று வரும் என்று எழுதியிருந்தாய். நன்றி. இனி இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, கையளிக்கும்போது உதவி ஆசிரியையும் இருக்க வேண்டும் என்று சொல்லி என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். எங்கே போகிறோம் என்று ரத்தோட்டை தாண்டிய பிறகுதான் சொன்னார்கள். கிருஷாந்தினிக்குக் கோல் எடுத்துப் பார்த்தேன். லைன் போகவில்லை.

பிள்ளைகள் இன்னும் வரவில்லை. அதிபர் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. திவாகரன் சேர், “வித்துட்டீங்களா?” என்று கேட்டார். அழகமுத்து சேர் கதவைப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் லயத்துப் பக்கமிருந்து ஏறி வந்தார்கள், படங்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்கள். பன்னிரண்டும் இருந்தன, எல்லாம் சார்ஜ் நிறைந்து. நல்லம்மா வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் மகளோடு வந்து, “ஒரு கீறல் இருந்தா காட்டுங்கய்யா” என்றார். காட்ட ஒரு கீறலும் இருக்கவில்லை.

கிருஷாந்தினி, “நான்தான் குடுத்தேன் சேர்” என்றாள். அதற்குப் பிறகு நானும் பேசினேன். அன்று கூட்டத்தில் சொல்லாத அத்தனையையும் சொன்னேன். எழுத்தில் தாருங்கள் என்றார் திவாகரன் சேர். அன்றே எழுதிக் கொடுத்தேன்.

டெப்கள் நகரத்துப் பாடசாலைக்குப் போய்விட்டன. விசாரணை முடியும்வரை கிருஷாந்தினியைப் பாடசாலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். நேர்முகத்துக்கான கடிதம் அவளுக்கு வரவில்லை. தரம் ஐந்துப் பிள்ளைகளின் புலமைப்பரிசில் பரீட்சை அடுத்த மாதம். அவர்களுக்கு வேறு ஆசிரியர் இதுவரை அனுப்பப்படவில்லை.

துஷாரா